அக்கா, திட்டத்தை மாத்திப் பாக்கலாமா?

ஓசூரில் உடம்பைக் குறைக்க இறங்கியவர்களுக்குப் பருவம் தவறுவதே இல்லை. தை பிறந்தால் பேலியோ. சித்திரை வெயிலுக்கு ஜி.எம். டயட். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இவர்கள் கீட்டோவில் இருப்பார்கள். கூழைத் தொட்டால் தீட்டு. புரட்டாசியில் எப்படியும் கறி கிடையாது, ஆகவே பதினாறு மணி நேரப் பட்டினி. கார்த்திகை வந்தால் சிறுதானியம். எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கும். வாட்ஸாப் குழுவில் கைதட்டுகிற பொம்மைகள் குவியும். சில மாதங்களில் முள் ஓரிடத்தில் நின்று, இனி நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே டயட் கோச் போன் செய்வார்: "அக்கா, உங்க பாடி ஸ்டக் ஆயிடுச்சு. திட்டத்தை மாத்திப் பாக்கலாமா?"

அக்கா மாற்றுவார். மாற்றுவதற்குத் தனிக் கட்டணம்.

இந்த ஜி.எம். டயட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏழு நாள் திட்டம். முதல் நாள் பழம் மட்டும், மறுநாள் காய் மட்டும், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும். 1985-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தோடு சேர்ந்து உருவாக்கியது என்று ஒரு கதை அதனுடன் சேர்ந்தே வரும். அப்படி உருவாக்கியதற்கு இதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடச் சான்றாகக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்து பிழைக்கிற ஊர் இது. வண்டி செய்கிறவன் சொன்னால் வயிறு கேட்கும் என்று நம்ப இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

முள் ஏன் நிற்கிறது என்பது ரகசியமல்ல. எண்பது கிலோ உடம்பைச் சுமக்க ஆகும் செலவு எழுபது கிலோவுக்கு ஆகாது. எடை இறங்க இறங்க உடம்பு குறைவாகச் செலவழிக்கும். அதோடு விடாது. பஞ்சம் வந்துவிட்டதென்று எண்ணி, கணக்குப்படி குறைய வேண்டியதற்கும் மேலாகவே செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டி போட்டு எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார் கெவின் ஹால் என்கிற ஆய்வாளர். இழந்த எடையில் பெரும்பங்கு திரும்பியிருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 குறைவாகவே இருந்தது. 2016-இல் வெளிவந்த ஆய்வு. உடம்பு ஸ்டக் ஆகவில்லை ஐயா. வறட்சியிலும் பஞ்சத்திலும் தப்பிப் பிழைத்த பாட்டன் பூட்டியிடம் கற்றதைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் புதுத் திட்டத்துக்கு மாறியதும் முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குகிறதே? இறங்கும். ஈரலிலும் தசையிலும் சர்க்கரை கொஞ்சம் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் கரைவது அதுதான், கூடவே தண்ணீரும் வெளியேறும். அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி பாத்ரூமுக்குப் போனது. தீபாவளிக்கு நாலு அதிரசம் தின்றால் திரும்பி வந்துவிடும். கார்த்திகையில் அடுத்த திட்டம், அதே தண்ணீர் மறுபடி இறங்கும், மறுபடி கைதட்டல். ஒரே தண்ணீரை வருடத்துக்கு ஐந்து தடவை விற்கிற சாமர்த்தியம் காவிரி வழக்கில் வாதாடிய எந்த வக்கீலுக்கும் வாய்க்கவில்லை.

அக்கா ஏமாளி, கோச் திருடர் என்று நான் பிரித்துச் சொல்ல வரவில்லை. அக்காவும் கொஞ்சம் கள்ளம்தான். 1992-இல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. "ஒரு நாளைக்கு 1,200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை" என்று சாதித்தவர்களைப் பிடித்துக் கணக்குப் பார்த்தார்கள். உள்ளே போனதில் சராசரியாக 47 விழுக்காடு அவர்கள் எழுதிய கணக்கில் வரவே இல்லை. உடற்பயிற்சியை மட்டும் 51 விழுக்காடு கூட்டி எழுதியிருந்தார்கள். வருமான வரி கட்டுகிற மனிதகுலத்துக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எந்தத் திட்டம் உசத்தி என்ற சண்டைக்கும் விடை வந்து வருடங்கள் ஆகின்றன. ஸ்டான்போர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஒரு வருடம் பார்த்தார். ஒரு பக்கம் சராசரியாக 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை என்று 2018-இல் எழுதி வைத்துவிட்டார். எதில் நிலைத்து இருக்க முடிகிறதோ அதுதான் வேலை செய்யும். நிலைத்து இருப்பவரிடம் மாதாமாதம் புதிதாக எதை விற்பது? ஆகவே நிலைக்க விடக்கூடாது. தொழிலின் முதலும் அதுதான், லாபமும் அதுதான்.

1963-இல் தொடங்கி உலகமெங்கும் எடை பார்த்துக் கைதட்டி வளர்ந்த வெயிட் வாட்சர்ஸ் என்ன ஆனது தெரியுமா? கம்பெனிக்கே முள் நின்றுவிட்டது. 2023-இல் எடைக் குறைப்பு ஊசி எழுதித் தரும் ஒரு நிறுவனத்தை வாங்கித் தன் திட்டத்தை மாற்றிப் பார்த்தது. அதுவும் போதாமல் 2025 மே மாதம் திவால் மனு போட்டது. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் போதித்த தாய்வீடு அது.

நம்மூர் எடைக் குறைப்புக் கடையின் அமைப்பு சிக்கனமானது. வாடகை வீட்டின் முன்னறை, ஒரு மிக்ஸி, சுவர் நிறைய முன்–பின் படங்கள், பாதம் வழியாக லேசாக மின்சாரம் விட்டுக் கொழுப்பை ஊகிக்கிற ஒரு எடை மெஷின். இலவச செக்கப். முப்பத்துநாலு வயதுப் பெண்ணை ஏற்றி நிறுத்தினால் "உங்க உடம்போட வயசு அம்பத்தொண்ணு மேடம்" என்று மெஷின் சொல்லும். அழுகை வரும். அழுகையோடு ஷேக் வரும். அடுத்த மாதம் அந்தப் பெண்ணே கோச் ஆவார், தங்கைக்கும் நாத்தனாருக்கும் ஷேக் மாவு டப்பா விற்பார், ஸ்டாக் எடுக்க வளையலை வைப்பார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துத் தூங்குகிறவர்கள். உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது இந்த நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தின் அட்டவணையில், சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் பக்கத்தில், உடல் பருமனும் உட்கார்ந்திருக்கிறது. ஆள் சேர்த்து ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் பிரமிடு வியாபாரத்துக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசே தடை போட்டது. டப்பாக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? இது மருந்தில்லை, உணவு என்பார்கள். இது பிரமிடு இல்லை, குடும்பம் என்பார்கள். அதிகாரி தலையாட்டுவார். அவர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும்.

போகட்டும். இது காசுள்ளவர் கூத்து. தன் காசு, தன் தண்ணீர். எனக்குக் கோபம் வருவது இங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி.

தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டுக்குள் வளைந்து இறங்கினால் அஞ்செட்டி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர். சுற்றிலும் நாட்றாம்பாளையம், உரிகம், தக்கட்டி என்று மலைக் கிராமங்கள், இருளர் குடியிருப்புகள். இங்கேயும் எடை மெஷின் உண்டு, அங்கன்வாடியில். இங்கேயும் முள் நிற்கும். ஆனால் அந்தத் தட்டில் ஏற்றப்படுவது இரண்டு வயதுப் பிள்ளை. ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்கிறது. அட்டையில் பச்சைக் கோட்டிலிருந்து மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் சரிகிறது. அந்தப் பிள்ளைக்கு எந்தக் கோச்சும் போன் செய்வதில்லை. அதன் சார்பில் திட்டத்தை மாற்றிப் பார்க்கிறவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் அரசாங்கம்.

அரசாங்கத்தைப் போல டயட் மாற்றுகிற அக்கா உலகத்திலேயே கிடையாது. ரத்தசோகையை ஒழிக்க 1970-இல் ஒரு தேசியத் திட்டம். 1975-இல் அங்கன்வாடித் திட்டம். முள் நகரவில்லை. 2018-இல் போஷன் அபியான், அதே வருடம் அனீமியா முக்த் பாரத். முள் நகரவில்லை. 2021-இல் போஷன் 2.0. அதே வருடம் செப்டம்பரில் பள்ளி மதிய உணவுக்கு பி.எம். போஷன் என்று புதுப் பெயர். பெயர்ப் பலகை எழுதுகிற பெயிண்டருக்கு மட்டும் நல்ல ஊட்டம். தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டினால், 2015–16-இல் இந்தியப் பெண்களில் 53.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 2019–21-இல் 57. தமிழ்நாட்டில் 55-லிருந்து 53.4. இதைத்தான் கோச்சின் பாஷையில் ஸ்டக் என்பது.

அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளோர் அதே ஐந்து வருடத்தில் 30.9-லிருந்து 40.4 விழுக்காட்டுக்கு ஏறினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. குண்டும் சோகையும் வேறு வேறு தெருக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் ஒரே உடம்பில் இரண்டும் குடியிருக்கின்றன: ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் மூன்று வேளையும் தின்று, பருத்து, வெளுத்துப்போன உடம்பு. அந்த உடம்பைப் பார்த்துத்தான் நம் டப்பாக் கடை, "டயட்ல இருங்க மேடம்" என்கிறது.

எடை குறையாத அக்கா ஒரு கட்டத்தில் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார் அல்லவா? அரசும் அதைச் செய்தது. ஆறாவது குடும்பநல ஆய்வில் ரத்தசோகையை அளப்பதே வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் சோகையை மிகைப்படுத்திக் காட்டும், சிரையிலிருந்து எடுத்து வேறொரு ஆய்வில் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். நிபுணர்கள் சொன்ன இந்தக் காரணத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் அந்த விரல் நுனிதான் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. எண் ஏறிய பிறகா அதன் கோணல் கண்ணுக்குப் பட்டது? இறங்கியிருந்தால் அந்த விரலுக்கு மோதிரம் போட்டிருப்பார்கள்.

அஞ்செட்டிக்காரன் சாப்பாட்டை அரசாங்கம் வரைந்து கொடுப்பது புதிய பழக்கமும் அல்ல. 1876–78 பெரும்பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஓசூர் அன்றைக்குச் சேலத்தைச் சேர்ந்த தாலுகா. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார் பிரிட்டிஷ் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள். அதுவரை ஒன்றரை பவுண்டு. சோதித்துப் பார்க்கலாமே என்பதுதான் அவர் சொன்ன நியாயம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று வேலை செய்தால் ஆள் செத்துப்போவான் என்று சண்டை பிடித்தார். மாதக்கணக்கில் பிணம் விழுந்த பிறகு கூலியைச் சற்று ஏற்றினார்கள். டெம்பிளின் அந்தப் படியை இன்றைய கணக்கில் 1,627 கலோரி என்று வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் எழுதியிருக்கிறார். 1944–45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தாரே, அங்கே சுமார் 1,570. அந்த வாலிபர்கள் எடையில் கால்வாசியை இழந்தார்கள். கனவிலும் சோறுதான். சிலர் சமையல் புத்தகங்களாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் அக்கா நள்ளிரவில் போனைத் திறந்து பிரியாணி வீடியோ பார்ப்பதும் அந்த வியாதிதான். ஓசூர் கோச் கொடுக்கிற சார்ட்டில் 1,200 எழுதியிருக்கிறது. டெம்பிள் துரை இன்றிருந்தால் தாராள மனசுக்காரர் என்று பெயரெடுத்திருப்பார்.

இனி ராகி.

இந்த மலையில் தட்டு என்றால் களி. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, ஏதாவதொரு கீரை, கையில் காசிருந்தால் கருவாடு. கன்னடம் பேசுகிறவர் வீட்டில் அதற்கு முத்தே என்று பேர். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் ராகியோடு சாலுக்கு நடுவே அவரையும் துவரையும் கடுகும் விதைப்பார்கள். ஒன்று பொய்த்தால் ஒன்று கைகொடுக்கும். தானியம், பருப்பு, கீரை எல்லாம் ஒரே காட்டிலிருந்து வந்தன. ஊட்டச்சத்து நிபுணர்கள் பவர்பாயிண்டில் வரைகிற தட்டை இவர்கள் துடுப்பால் கிண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தட்டை மாற்றியது யார்? 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். இலவச அரிசியைக் கேலி பேசுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். அது இந்த மாநிலத்தின் எத்தனையோ அடுப்புகளை அணையாமல் காத்தது, அதைக் கேலி செய்பவன் பசியை அறியாதவன். என் கேள்வி வேறு. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ரேஷனில் அரிசி, கோதுமையோடு ராகி போன்ற தானியங்களும் தரலாம், கிலோ ஒரு ரூபாய்க்கு என்று எழுதியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் தென்மாவட்டங்களில் ரேஷன் கடையில் ராகி போடுகிறார்கள், உழவரிடம் ஆதரவு விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள். ஒரே மலை, ஒரே மண், ஒரே களி. நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட். தமிழ்நாடு விழித்தது 2023-இல். மாதம் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி என்று சோதனை முறையில் தொடங்கியது. கிருஷ்ணகிரி, தருமபுரி உழவர்களிடம் ராகியைக் கொள்முதல் செய்தது. கொடுத்தது எங்கே? தருமபுரியிலும் நீலகிரியிலும். ராகி விளைந்த கிருஷ்ணகிரி, அஞ்செட்டியின் மாவட்டம், அந்த முதல் பட்டியலில் இல்லை. அளந்து கொடுத்தவன் கையில் சாக்கு மட்டும் மிஞ்சியது.

விளைவிப்பதாவது சுலபமா? ஐப்பசி பிறக்கும் முன்பே பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வலசை இறங்கிவிடும். கதிர் பால் பிடிக்கிற மணம் அவற்றுக்குத் தெரியும். பரண் கட்டி, தீ மூட்டி, பட்டாசும் தகரமுமாக மனிதர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வருடத்துச் சாப்பாடு போய்விடும். சில இரவுகளில் ஆளும் போய்விடுவான். யானையைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த எல்லையில் பல தலைமுறையாகத் தன் டயட்டை மாற்றாத ஒரே ஜீவன் அது. அதன் காட்டைத் துண்டு போட்டு ரோடும் குவாரியும் பண்ணை வீடும் வைத்தவர்கள்தான், வார இறுதியில் கண்ணாடி ஜன்னல் வழியாக அதைப் படம் பிடிக்கிறார்கள்.

இப்படிக் காத்த ராகிக்கு 2025–26-இல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோ ஐம்பது ரூபாய்கூட இல்லை. கொள்முதல் நிலையம் எட்டாதவனிடம் வியாபாரி சொல்வதுதான் விலை. அது பெங்களூருக்குப் போய், முளைகட்டி, வறுத்து, மாவாகி, பாட்டி முகம் போட்ட பாக்கெட்டுக்குள் நுழைந்து, பல மடங்கு விலைக்கு ஓசூர் அப்பார்ட்மெண்டுக்கு லிஃப்டில் ஏறுகிறது. கார்த்திகைத் திட்டம்! அஞ்செட்டியில் அதைக் கிண்டிய கிழவிக்கு வயசாகிக் கை ஓய்ந்துவிட்டது. பேத்தி ஓசூர்க் கம்பெனியில் ஷிப்ட் முடித்து ஹாஸ்டல் சோறு சாப்பிடுகிறாள். களி என்றால் அவளுக்குக் கூச்சம். பட்டிக்காட்டுச் சாப்பாடு என்று இருபது வருடம் பள்ளிக்கூடமும் சினிமாவும் சொல்லிக்கொடுத்த கூச்சம் ஒரு விளம்பரத்தில் போய்விடுமா?

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அந்த பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் சிறுதானியங்களுக்கு ஸ்ரீ அன்னம் என்று பட்டம் சூட்டினார். ஜூன் மாதம் வெள்ளை மாளிகையில் பிரதமருக்குக் கொடுத்த விருந்தில் முதல் தட்டே சிறுதானிய சாலட். மாவட்டம்தோறும் திருவிழா: ராகி கேக், ராகி பீட்சா, ராகி ஐஸ்கிரீம், கோலப்போட்டி. பரணில் விழித்த கண்ணோடு யாரும் அந்த மேடைக்கு வரவில்லை. ஒரு நூற்றாண்டாக ஏழைச் சோறாக இருந்ததற்கு இவர்கள் கொடுத்தது ஸ்ரீ. விலை கொடுத்திருக்கலாம்.

இதில் இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. ராகி எடை குறைக்கும் மந்திரமல்ல. கலோரிக் கணக்கில் அது அரிசிக்குப் பெரிதாகச் சளைத்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதன் சிறப்பு சுண்ணாம்புச் சத்தில். நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, அரிசியில் அதில் துளிதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வளர வேண்டிய பிள்ளைக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் தேவைப்படுகிற தானியத்தை, ஏழாம் மாடியில் எடை நின்ற ஒருவருக்குக் கொழுப்பு கரைப்பான் என்று விற்கிறார்கள். அங்கே அது வேலை செய்யாது. தை பிறந்ததும் அவர் மறுபடி பேலியோவுக்குப் போய்விடுவார். ராகி பாக்கெட் சமையலறை மூலையில் வண்டு பிடித்துக் கிடக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று, சூளகிரி பக்கம் சாமனப்பள்ளி என்கிற கிராமத்துக்கு முதலமைச்சர் வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் அங்கேதான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ கிழவர்கள் அதனால் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராகி மாவட்டத்தில் ராகிக்குப் பதில் அரிசி வர இத்தனை வருடம், அரிசிக்குப் பின் சர்க்கரை வர இத்தனை வருடம், சர்க்கரைக்குப் பின் மாத்திரை வர இத்தனை வருடம். மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு ராகி வர மட்டும் பைலட் திட்டம், கோப்பு, குழு, கூட்டம்.

ஓசூர் அக்காவுக்கு இதற்குள் அடுத்த போன் வந்திருக்கும். கோச் இப்போது டாக்டர் ஒருவரோடு கைகோத்திருக்கிறார். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்கிற எடைக் குறைப்பு ஊசி இந்தியக் கடைகளுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி. மிகக் குறைந்த அளவுக் குப்பி வந்த விலை 3,500 ரூபாய். அஞ்செட்டியில் நூறு நாள் வேலைக்கு மண் வெட்டப் போனவருக்கு அந்த வருடத்துக் கூலி நாளுக்கு 336. பத்து நாள் வெட்டினாலும் அக்காவின் ஒரு வாரப் பசியை அடக்க முடிந்திருக்காது. ஊசி வேலை செய்கிறது, உண்மை. சர்க்கரையும் பருமனும் சேர்ந்து வாட்டுகிறவர்களுக்கு அது வரம்தான். நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும் ஆய்வில் வந்திருக்கிறது. கோச்சுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியுமா? வாழ்நாள் சந்தா!

அரசுக்கும் ஒரு சந்தா பாக்கி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லா ரேஷன் கடையிலும், அஞ்செட்டியின் கடைசி மலைக் குடியிருப்பு வரை, கேட்கிற அட்டைக்குக் கேட்கிற அளவு ராகி, வாங்குவது பரணில் விழித்திருந்தவனிடம், காசு வாரத்துக்குள். அங்கன்வாடியில் அதே ராகி, அதே அவரை, ஒரு முட்டை. புதுப் பெயர் வேண்டாம். லோகோ வேண்டாம். ஆப் வேண்டவே வேண்டாம். இதைச் செய்யாமல் இந்தக் கார்த்திகையில் எந்த அமைச்சராவது இந்தப் பக்கம் சிறுதானியத் திருவிழா நடத்த வந்தால், ராகி கேக்கை வெட்டக் கத்தி கொடுக்கும் முன் அவரை ஒரு ராத்திரி பரணில் ஏற்றி உட்கார வையுங்கள். ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் நான் தருகிறேன்.